மொனாக்கோ தெரிந்தது, சோழவரம் தெரியவில்லை: திருத்தணியிலிருந்து ஒரு தொலைக்காட்சி நினைவாய்வு

1. கேள்வி

கோடை மாதங்களில் ஐரோப்பாவில் பகல் 2 மணிக்குத் தொடங்கும் கார்ப் பந்தயம் இந்தியக் கடிகாரத்தில் மாலை 5.30க்குத் தொடங்கும். 1990களில் திருத்தணியில் வளர்ந்த எனக்கு ஃபார்முலா 1 என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்த நேரக் கணக்குதான். ஞாயிறு மாலை 5.30. வாரம் முழுதும் தெருவில் கேட்கும் விசைத்தறிச் சத்தம் ஓய்ந்திருக்கும். மலைக்கோயிலுக்கு வந்த கூட்டம் படியிறங்கி ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கும். அடுத்த வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டிக்குள், பெயர்கூட உச்சரிக்கத் தெரியாத ஊரில், மட்கார்டு இல்லாத நான்கு சக்கரங்களுக்கு நடுவே ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்த கார்கள் புறப்படும்.

அந்தக் காலத்து ஒளிபரப்பை நினைத்து ஏங்குபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பொதுவாக இரண்டு கட்சிகளாகப் பிரிக்கலாம். பழைய ஒளிபரப்பே மேலானது என்பது முதல் கட்சி: கேமரா பாதையை ஒட்டி நின்றது, வேகம் தெரிந்தது, இன்ஜின் கத்தியது, திரையை எண்களும் பட்டிகளும் அடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது கட்சி இதை மறுக்கிறது: படம் மங்கல், பாதிப் பந்தயம் கண்ணில் படவே இல்லை, ஏங்குவது இளமைக்காகத்தான், ஒளிபரப்புக்காக இல்லை.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பந்தயத்தைக் கண்டுபிடித்து, படமெடுத்து, தன் மொழியிலேயே வர்ணித்த நாடுகளில் எழுந்த வாதங்கள். அலை வந்து சேரும் விளிம்பில் இருந்த ஒரு கோயில் ஊர்க்காரருக்கு அந்த ஏக்கத்தின் பொருள் வேறு என்பது என் கருத்து. எதற்காக நாம் ஏங்குகிறோம், எதை நினைவில் வைத்திருக்கவே நமக்கு வாய்ப்பில்லாமல் போனது என்ற கேள்வியை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. என் சொந்த நினைவையும் சான்றாக வைக்கிறேன். அதை அப்படியே நம்பாமல், சோதித்துப் பார்த்து வைக்கிறேன்.

2. அலை வந்த வழி

திருத்தணி சென்னையிலிருந்து ரயில் பாதையில் 80 கிலோமீட்டர் சொச்சம். மொழிவாரி எல்லைத் தகராறில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குள் போய், ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிய ஊர். சந்தையில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். இந்த எல்லைத்தன்மை கார்ப் பந்தயத்தோடு எப்படித் தொடர்புபடும் என்று வாசகர் கேட்கலாம். நேரடியாகவே தொடர்புபட்டது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கோபுரத்திலிருந்து வரும் தரைவழி அலை எங்கள் ஊரை எட்டும்போது களைத்திருக்கும். மொட்டைமாடியில் உயரமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆண்டெனா, வீட்டுக்குள் பூஸ்டர். இவ்வளவும் இருந்தும் காற்றடித்தால் ஒருவர் மாடிக்குப் போய்க் குழாயைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே நின்று 'இன்னும் கொஞ்சம்... போதும்' என்று குரல் கொடுக்க வேண்டும். 1991இல் ஸ்டார் நிறுவனம் ஏஷியாசாட் செயற்கைக்கோள் வழியே ஆசியாவுக்கு ஒளிபரப்பத் தொடங்கிய பிறகுதான் விளையாட்டுக்கென்றே ஒரு சானல் இருக்க முடியும் என்பது தெரிந்தது. முதலில் பிரைம் ஸ்போர்ட்ஸ், பின்னர் ஸ்டார் ஸ்போர்ட்ஸ். டிஷ் வைத்த கேபிள்காரர் ஒருவர் தெருத்தெருவாகக் கம்பி இழுத்தார்.

இங்கேதான் எல்லை குறுக்கிட்டது. அன்று எங்கள் தெருவில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் சாலிடேர், டயனோரா போன்ற சென்னைத் தயாரிப்புகள். அவற்றுள் பழையவற்றில் சானலை மாற்ற 12 எண்கள் கொண்ட திருகு. கேபிள்காரர் எத்தனை சானல் பிடித்தாலும் அந்தத் திருகுக்குள் அடங்குபவை சிலவே. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 1995இல் தெலுங்கில் ஈடிவியும் ஜெமினியும் வந்தன. சென்னையில் ஒரு கேபிள்காரர் தமிழ் வீடுகளை மட்டும் நினைத்தால் போதும். எங்கள் ஊரில் இரு மொழி வீடுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டுச் சானல் பல மாதங்கள் ஒரு தெலுங்குச் சானலோடு ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டது. எந்த நேரத்தில் எது ஓடும் என்பது கேபிள்காரரின் முடிவு. ஞாயிறு மாலை என்பதோ தமிழ்த் திரைப்பட நேரம். ஒரே பெட்டி உள்ள வீட்டில் ஐரோப்பியப் பந்தயம் தமிழ்ப் படத்தோடு மோதி வென்றதாக எனக்கு நினைவில்லை. அடுத்த வீட்டில் இரண்டாவது பெட்டி இருந்ததால்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேருக்குப் பந்தயம் கிடைத்தது.

ஆகவே 'பழைய ஒளிபரப்பு' என்று திருத்தணிக்காரர் ஒருவர் சொல்லும்போது, ஐரோப்பியர் சொல்லும் அதே பொருளை அவர் பார்த்திருக்கவில்லை. தொடக்கம் தவறிய பந்தயம், நடுவில் மின்சாரம் போன பந்தயம், கடைசிச் சுற்றுக்கு முன் வேறு சானலுக்கு மாற்றப்பட்ட பந்தயம் ஆகியவற்றின் தொகுப்பு அது. முடிவைத் திங்கட்கிழமை ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், நூலகத்தில், தேடிப் படித்தோம். பெரும்பாலும் நான்கு வரி.

3. படம் எடுத்தவர்கள்

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏக்கம் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி இது.

1970கள் வரை கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சி ஒழுங்காகக் காட்டியதில்லை. 1976 அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில் ஜேம்ஸ் ஹண்ட், நிக்கி லாவுடா போட்டியின் முடிவுப் பந்தயம் செயற்கைக்கோள் வழியே பல நாடுகளுக்குப் போனது ஒரு திருப்பம். பிரிட்டனின் பிபிசி 1978இல்தான் ஆண்டு முழுவதற்குமான தொடர் நிகழ்ச்சியாக அதை எடுத்தது. வர்ணனையாளர் மர்ரே வாக்கரின் குரலும், 1980 முதல் அவருக்கு அருகில் அமர்ந்த முன்னாள் சாம்பியன் ஹண்டின் குரலும் ஒரு தலைமுறைக்குப் பந்தயத்தின் குரலாக ஆயின. 1981இல் கையெழுத்தான கான்கார்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமையை விற்கும் கயிறு பெர்னி எக்கிள்ஸ்டோனின் கைக்கு வந்தது.

ஆனால் உரிமை ஒருவரிடம் இருந்தபோதும் படம் எடுத்தவர் ஒருவர் அல்லர். பந்தயம் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டின் தொலைக்காட்சி நிறுவனமே கேமராக்களை நிறுத்தியது. இத்தாலியில் ராய், ஜப்பானில் ஃபூஜி டிவி, பிரேசிலில் குளோபோ. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கைத்திறன். சில இடங்களில் கேமரா வளைவின் ஓரத்தில் தாழ்வாக நின்று, கார் சீறிக் கடக்கும்போது திரையே அதிர்வது போலக் காட்டும். இன்று பாதுகாப்பு கருதி வளைவுகளுக்கு வெளியே அகலமான வெற்றிடம் விடப்படுகிறது. கேமரா பின்வாங்கி, நீண்ட லென்ஸ் வழியே பார்க்கிறது. நீண்ட லென்ஸ் தூரத்தைச் சுருக்கும். தூரம் சுருங்கினால் வேகமும் சுருங்கித் தெரியும். முதல் கட்சியினர் 'அன்று வேகம் தெரிந்தது' என்பதற்கு இப்படிக் கண்ணறிந்த ஒரு காரணம் உண்டு. அதை வெறும் ஏக்கம் என்று தள்ள முடியாது.

ஒலி விஷயத்திலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1995க்கும் 2005க்கும் இடையே களத்தில் நின்றவை 3 லிட்டர் இன்ஜின்கள். வி10 அமைப்பு அவற்றில் கோலோச்சியது. அந்தக் காலத்தின் இறுதியில் நிமிடத்துக்கு 18,000 சுழற்சிகளையும் தாண்டின. 2014இல் வந்த டர்போ ஹைப்ரிட் இன்ஜின்களின் குரல் தாழ்ந்தது. அதை யாரும் மறுப்பதில்லை. பெட்டியின் ஒற்றைச் சிறு ஸ்பீக்கரில் அந்த வி10 ஒலி ஊசி முனைபோல மெலிந்து கேட்டது என்பதும் உண்மை. தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்கு இயந்திர ஒலியில் சுருதி பிரித்துக் கேட்கத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எந்த இன்ஜின் என்று சொல்லும் போட்டிகூட எங்களுக்குள் நடந்தது.

எங்கே முதல் கட்சி தவறுகிறது என்றால், இந்த உள்ளூர்த் தயாரிப்பைப் பொற்காலமாக்கும் இடத்தில். அந்தந்த நாட்டு இயக்குநர் தன் நாட்டு ஓட்டுநரைத் தேடிக் கேமராவைத் திருப்புவார். பந்தயத்தின் உண்மையான சண்டை வேறெங்கோ நடந்து முடிந்திருக்கும். உள்ளூர்ப் படப்பிடிப்பைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தது மொனாக்கோ. 2021 பந்தயத்தில் ஓட்டுநர்கள் வெட்டலும் காஸ்லியும் இடத்துக்காக மோதிக்கொண்டிருந்த வேளையில் நேரலையை வெட்டி வேறொரு காரின் சிறு தடுமாற்றத்தை மறுஒளிபரப்பாகக் காட்டினார்கள்; உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2023 முதல் அங்கும் படப்பிடிப்பு ஃபார்முலா 1 நிறுவனத்திடம் போய்விட்டது. 1990களில் எல்லா ஊர்களிலும் எல்லா வாரமும் இப்படித்தான் ஏதோ ஒன்று தவறியது. தவறியது தெரியாததால் நாம் வருந்தவில்லை.

தகவல் பஞ்சத்தையும் எடுத்துக்கொள்வோம். அன்று திரையில் சுற்று எண்ணும், அவ்வப்போது முதல் ஆறு பேரின் பட்டியலும் வரும். ஆறு என்பதற்குக் காரணம் இருந்தது: 2002 வரை முதல் ஆறு இடங்களுக்கே புள்ளி. ஏழாவது ஆள் உயிரோடிருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. பிட்டுக்குள் போய் வந்தவர் எங்கே சேருவார் என்பதை நாங்கள் விரல்விட்டுக் கணக்கிட்டோம். இன்று எல்லா ஓட்டுநர்களின் வரிசையும் இடைவெளியும் திரை ஓரத்தில் நிலையாக நிற்கிறது. கணக்கிட்ட காலமே இனியது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த இனிமை பார்ப்பவர் செலுத்திய உழைப்பிலிருந்து வந்தது. ஒளிபரப்பின் குறையை நாம் அடைத்தோம்; அடைத்த பெருமையை ஒளிபரப்பின் கணக்கில் எழுதிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெக்லாரன் காரின் சிவப்பு வெள்ளையை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க வரைந்திருக்கிறேன். எழுத்து வாசிக்காத என் பாட்டியும் அந்த நிறத்தை வைத்தே 'நம்ம வண்டி எங்கடா?' என்று கேட்பார். அது மார்ல்போரோ சிகரெட்டின் நிறம். 1994இல் வில்லியம்ஸ் காரின் நீலம் ராத்மன்ஸ் சிகரெட்டுடையது. பத்து வயதுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது புகையிலை விளம்பரத்தை. இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் ஐரோப்பாவில் 2005இல் நடைமுறைக்கு வந்த தடையும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. அழகான பழைய கார்களின் படங்களைப் பகிர்பவர்கள் இதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

4. ஒரு நினைவைச் சோதித்தல்

1994 மே 1, ஞாயிறு. இத்தாலியின் இமோலாவில் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா ஏழாவது சுற்றில் டம்புரெல்லோ வளைவின் சுவரில் மோதி இறந்தார். அதற்கு முந்தைய நாள் தகுதிச் சுற்றில் ரோலண்ட் ராட்ஸென்பெர்கர் இறந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிவந்தேன்: இரவு, மின்விளக்கு அணைந்த கூடம், பெட்டியின் நீல வெளிச்சம் மட்டும், அதில் சென்னாவின் கார் சுவரில் மோதுகிறது.

இந்த நினைவு தவறு. விபத்து நடந்தது இத்தாலிய நேரம் 2 மணி 17 நிமிடம். அப்போது இந்தியாவில் மாலை 5.47. மே மாதத் திருத்தணியில் அந்த நேரத்தில் வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருக்கும். கூடம் இருண்டிருக்க வழியில்லை. மரணச் செய்தி மருத்துவமனையிலிருந்து அறிவிக்கப்பட்டது இத்தாலிய நேரம் 6.40, நமக்கு இரவு 10.10. இருட்டும் நீல வெளிச்சமும் அந்தச் செய்தி வந்த நேரத்துக்கு உரியவையாக இருக்கலாம். மாலையில் பார்த்ததையும் இரவில் கேட்டதையும் மனம் ஒன்றாக்கி, பொருத்தமான வெளிச்சத்தையும் அமைத்துக்கொண்டது.

இந்தச் சிறு சோதனையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது கட்சி இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும்: பார்த்தீர்களா, நினைவு நம்பத்தக்கதல்ல. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்த நினைவைத் திருத்த முடிந்தது என்பதுதான். இமோலாவின் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகியிருக்கிறது. இத்தாலியத் தொலைக்காட்சியின் ஹெலிகாப்டர் கேமரா சிகிச்சை நடந்த இடத்தின் மேலேயே நின்றதும், அதைக் காட்ட விரும்பாத பிபிசி பிட்டில் இருந்த தன் கேமராவுக்கு மாறியதும்கூட எழுதப்பட்ட வரலாறு. ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றித் திருத்தணிக்காரர் ஒருவரின் தவறான நினைவை நிமிட சுத்தமாகத் திருத்தும் அளவுக்கு அங்கே ஆவணம் இருக்கிறது.

நம் பக்கத்தில்?

5. அறுபது கிலோமீட்டரில் நடந்தது

என் பெரியப்பா சோழவரம் போனவர். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980களின் இறுதிவரை பந்தயங்கள் நடத்திய இடம். எங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். நாடெங்கிலுமிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. மட்கார்டு இல்லாத திறந்த சக்கரக் கார்களும் ஓடின. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே அங்கே ஓட்டினார். பெரியப்பாவின் நினைவில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. அவர் சொல்வது விளக்கெண்ணெய் வாசனையை. பந்தய இன்ஜின்களில் அன்று ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகு பயன்பட்டது. எரியும்போது அந்த மணம் மைதானம் முழுதும் பரவும். கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் நின்ற கூட்டமும், சட்டையெல்லாம் படிந்த செம்புழுதியும், திரும்பும்போது பேருந்து கிடைக்காமல் நடந்த தூரமும் அவர் நினைவில் இருக்கின்றன.

எந்த ஆண்டு என்று கேட்டேன். 'எம்.ஜி.ஆர். இருந்தார்' என்றார். யார் ஜெயித்தது என்று கேட்டேன். மஞ்சள் கார் என்றார். அவருடைய நினைவில் எது சரி, எது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று சோதிக்க என்னிடம் ஒரு நிமிடப் படம்கூட இல்லை. என் இமோலா இருட்டைத் திருத்த முடிந்தது. அவருடைய சோழவர மஞ்சளை உறுதிப்படுத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். 1990இல் சோழவரத்துக்குப் பதிலாக ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரப் பந்தயப் பாதை வந்தது. அது எங்களுக்கு இன்னும் அருகில். நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி இன்ஜினைப் பொருத்தி, சாதாரண வசதி உள்ளவர்களும் ஓட்டக்கூடிய விலையில் ஒற்றை இருக்கைக் கார்களை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகையில்தான் நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயங்களை ஓட்டினார். 1995இல் ஒரு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். 1996இல் நாராயண் ஃபார்முலா ஆசியா சாம்பியன் ஆனார். திறந்த சக்கரப் பந்தயத்தின் இந்தியத் தொழிற்கூடமே தமிழ்நாடாக இருந்த பத்தாண்டு அது. அதே பத்தாண்டில் எங்கள் தெருப் பெட்டியில் மொனாக்கோவின் சுரங்கப்பாதை தெரிந்தது, சுஸுகாவின் எட்டு வடிவம் தெரிந்தது, ஹாக்கன்ஹைமின் காடு தெரிந்தது. இருங்காட்டுக்கோட்டை தெரிந்ததில்லை. அங்கே எத்தனை வளைவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிச் சுற்றுலாவில் அந்தச் சாலை வழியே காஞ்சிபுரம் போயிருக்கிறோம். அங்கே ஒரு பந்தயப் பாதை இருப்பதை யாரும் கைகாட்டவில்லை.

மொழியும் இந்த இடைவெளியை அகலப்படுத்தியது. கிரிக்கெட்டுக்கு வானொலி தமிழ்க் குரல் கொடுத்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் வர்ணனை வழியே பந்துவீச்சும் மட்டையடியும் ஆட்டமிழப்பும் கிராமத்துத் திண்ணைப் பேச்சாயின. கார்ப் பந்தயம் எங்களை எட்டியது ஆங்கிலக் குரலில் மட்டுமே. ஸ்டார் ஸ்போர்ட்ஸில் பல ஆண்டுகள் கேட்ட ஸ்டீவ் ஸ்லேட்டரின் குரலை நான் இன்றும் அடையாளம் காண்பேன். அவர் சொன்னதில் பாதி அன்று புரியவில்லை. பாட்டிக்கு நாங்கள் தமிழும் தெலுங்கும் கலந்து சொல்லிய விளக்கம்தான் எங்கள் வர்ணனை. முந்துவதற்கு ஒரு சொல், உரசுவதற்கு ஒரு சொல், சறுக்கிச் சுழல்வதற்கு ஒரு சொல் என்று அந்தக் கூடத்திலேயே ஒரு சிறு அகராதி உருவானது. அது எழுதப்படவில்லை.

பிறகு 2005 மார்ச் 6 வந்தது. மெல்போர்னில் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் ஃபார்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். இந்திய நேரம் காலை 8.30. ஞாயிறு காலை இட்லித் தட்டோடு தெருவே பெட்டி முன் உட்கார்ந்த ஒரே பந்தயம் அதுதான். அவர் 15ஆம் இடத்தில் முடித்தார். ஆனால் பார்த்தது எவ்வளவு? உலகப் படம் முன்னணியைத் துரத்தும்; பின்வரிசை மஞ்சள் கார், யாராவது அதை ஒரு சுற்று முந்திக் கடக்கும்போது மட்டும் சில நொடி தெரியும். கே.ஏ.ஆர். என்ற மூன்றெழுத்து பட்டியலில் ஓடும்போது சுட்டிக்காட்டிக் கூச்சலிட்டோம். அதே ஆண்டு ஜூன் 19, இண்டியனாபொலிஸ்: டயர் பாதுகாப்புச் சிக்கலில் மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயத்தில் நாராயண் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஃபார்முலா 1இல் ஒரு தமிழர் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. இந்திய நேரம் நள்ளிரவை ஒட்டி நடந்ததால், எங்கள் தெருவில் மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

இவற்றுக்கு வெளியே, பந்தயம் என்ற சொல்லைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோனது சினிமாப் பக்கங்கள்தான். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவிலும் 2010இல் ஃபார்முலா 2விலும் அஜித்குமார் ஓட்டியதைப் பற்றி எங்கள் ஊர்ச் சலூனில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பந்தயங்களை அவர்களில் எவரும் பார்த்ததில்லை. புகைப்படம் போதுமாக இருந்தது.

6. இன்றைய திரை

2011 அக்டோபர் 30 அன்று டெல்லி அருகே புத் பாதையில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. 2013 வரை மூன்று முறை. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். முதலாவதில் நாராயண் 17ஆம் இடம். 2012இல் அது நடந்த பிற்பகலை, அந்த ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளுக்கு நடுவே, இன்வெர்ட்டர் இருந்த ஒரு மளிகைக் கடையில் நின்று பார்த்தோம். 2022 பருவத்தோடு ஸ்டார் ஸ்போர்ட்ஸில் ஃபார்முலா 1 நின்றது. அடுத்த ஆண்டு ஃபார்முலா 1 நிறுவனத்தின் சொந்தச் செயலி, 2024 முதல் ஃபேன்கோட். இப்போது எந்த ஓட்டுநரின் காருக்குள்ளிருந்தும் பார்க்கலாம், எந்த நேரத்திலும் பார்க்கலாம். கட்டணம் கட்டி, தனியாக, கைப்பேசியில். சானலைத் திருப்பும்போது தற்செயலாகப் பந்தயத்தில் இடறி விழும் பிள்ளை இனி இல்லை. நான் அப்படி இடறி விழுந்தவன்தான். பழைய ஒளிபரப்பில் திரும்பப் பெற வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், கேமரா கோணத்தையோ இன்ஜின் ஒலியையோ சொல்ல மாட்டேன். கூடத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த அந்தப் பெட்டியைச் சொல்வேன்.

ஈட்டமும் உண்டு. சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா 1இல் ஓடினார். பிறகு பிரிட்டனின் சானல் 4இலும் 2019 முதல் ஸ்கையிலும் பந்தயத்தை அலசும் குரலாகியிருக்கிறார். அவருடைய தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர். சோழவரத்தின் ஒரு கிளை இன்று உலகத் திரைக்குப் பந்தயத்தை விளக்குகிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பாதையில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. 2023 டிசம்பரில் நடக்க இருந்து மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போன பந்தயம் அது. அன்று எடுக்கப்பட்ட கைப்பேசிப் படங்கள் கணக்கில் அடங்கா. முப்பது ஆண்டு கழித்து அந்த இரவைப் பற்றி ஒருவர் தவறாக நினைவு கூர்ந்தால் திருத்த வழி இருக்கும்.

சோழவரத்துக்கு அந்த வழி வேகமாக மூடிக்கொண்டிருக்கிறது. போனவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எங்கோ ஒரு பீரோவில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கும். ஒரு நிகழ்ச்சிநிரல் புத்தகம் இருக்கும். இருங்காட்டுக்கோட்டையின் தொடக்க ஆண்டுகளில் யாரோ எடுத்த வீடியோ கேசட் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். கேசட்டைக் கணினிக்கு மாற்றுங்கள். தாள்களைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் காட்டுங்கள். சோழவரம் போய்வந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். புகைப்படம் கையில் இருந்தால், அதன் பின்புறம் ஆண்டு, இடம், வண்டியின் நிறம் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள். மஞ்சள் கார் ஒன்று அதில் இருந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.